ஒலி அடுத்த கட்டம்

தொலைக்காட்சித் துறையில் அர்ச்சுனனைப் போல மளமளவென்று முன்னேறியவன் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் வேறு யாரும் கிடையாது. இயக்குபவர், நிகழ்ச்சி உதவியாளர், நிகழ்ச்சி அலுவலர் என்று சில வருஷத்துக்குள் மூன்று நாற்காலி ஏறிவிட்டான். மூன்றாவது நாற்காலிக்கு மெத்தைகூட உண்டு. இத்தனைக்கும் அவன் அதுவரை ஒரு தடவைகூட டெலிவிஷன் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக அவனுடைய வாரியத்தில் யாரும் சொல்லவில்லை. அங்கே முக்கால்வாசிப் பேர் பார்க்காதவர்கள்தான்.

அந்தக் கிறுக்கு அவனுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. அறுபதுகளின் நடுவில் அவனுடைய சித்தப்பா விருத்தகிரி சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். தைலத்தையும் கைலியையும் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டுவிட்டு, அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருப்பதாகச் சொன்னார்.

"பொட்டிக்குள்ளாற ஆளு நடக்குறான், பாடுறான், சண்டை போட்டுக்குறான். சுவிச்சை அமுக்குனா போயிடுறான்."

அன்றோடு போயிற்று, அர்ச்சுனனுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிக்குள் ஓர் ஆள் நடப்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பெரியவனாகி என்ன செய்யப் போகிறாய் என்று ஸ்கூலில் கேட்டபோது, "டெலிவிஷன்ல வேலை பாப்பேன் சார்" என்றான். இல்லாத உத்தியோகத்தைச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறான் என்று வாத்தியார் காதைத் திருகிவிட்டார்.

கடைசியில் அவன் போய்ச் சேர்ந்த இடம் ராஜமாணிக்கத்தின் பீங்கான் பட்டறை. செட்டியார் பொம்மை, தலையாட்டிப் பொம்மை, கரண்டுக் கம்பத்துக்கு வெள்ளைக் குமிழ் எல்லாம் அங்கே சூளையில் வெந்து வெளியே வரும். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்குப் புடவை, நகை, மூக்கு, வாய் எல்லாம் எழுதி முடித்து, கடைசியில்தான் கண் எழுதுவார்கள். அதற்குக் கண் திறப்பது என்று பேர். ராஜமாணிக்கம் பக்கத்தில் நின்று சூடம் கொளுத்துவார். கண் திறக்காத பொம்மை எத்தனை அழகாக இருந்தாலும் வெறும் மண்தான். கண் திறக்கிற வேலை அர்ச்சுனனுடையது.

இப்படி அவன் பொம்மைகளுக்குக் கண் திறந்துகொண்டிருந்த காலத்தில், சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. அதன் பின்னாலேயே, காக்கைக்குத் தெரியாமல் கருவாடு காய முடியுமா என்கிற மாதிரி, ஒரு வாரியமும் வந்தது. ஊரகத் தொலைக்காட்சிப் பரப்பு வாரியம் என்று அதற்குப் பெயர். விருத்தாசலத்தில் அதற்கு ஒரு கோட்ட அலுவலகம். முதலில் நாற்காலிகள் வந்தன, பிறகு மின்விசிறி, பிறகு கோட்ட அலுவலர் பாலகிருஷ்ணன். மந்திரி வந்து டெலிவிஷனைத் திறந்து வைப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. டெலிவிஷன் மட்டும் வரவில்லை.

பாலகிருஷ்ணன் சென்னைக்கு டிரங்க் கால் போட்டார். "அனுப்பியாச்சே" என்றது தலைமை அலுவலகம்.

"லாரி வந்து சேரலைங்க சார்."

"அனுப்பிய பொருள் வந்து சேர்ந்ததாகவே கருதப்படும். விழாவை நடத்துங்கள்."

மனுஷன் என்ன செய்வார்? நேராகப் பீங்கான் பட்டறைக்கு ஓடினார். ஒரு பத்திரிகைப் படத்தை நீட்டி, இதே மாதிரி, இதே அளவில், ஒன்று பீங்கானில் வேண்டும் என்றார்.

"பொம்மை மாதிரிங்களா?" என்றார் ராஜமாணிக்கம்.

"டெலிவிஷன் மாதிரி."

"எரியுமாங்க?"

"எரிய வேண்டாம். இருந்தால் போதும்."

முதல் பெட்டி சூளையிலேயே வெடித்தது. அடுத்தது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மூன்றாவது தப்பி வந்தது, முதுகில் ஒரு விரிசலோடு. முன்பக்கம் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று பீங்கான். அதில் என்ன படம் எழுதுவது என்று வாரியத்தின் ஆலோசனைக் குழு கூடி, கார பூந்தியும் காபியும் சாப்பிட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அடித்துக்கொண்டது. ஒருவர் கோபுரம் என்றார். இன்னொருவர் நெற்கதிர் என்றார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் பாலகிருஷ்ணன் எழுந்தார்.

"கோபுரம் எழுதினால் மந்திரி பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். கதிர் எழுதினால் பின்னால் போய்க் கம்பியைத் தேடுவார். அவர் முகத்தையே எழுதினால் வேறு எதையும் பார்க்க மாட்டார். என்னுடைய இத்தனை வருஷச் சர்வீசில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் இது."

அர்ச்சுனன் தேர்தல் சுவரொட்டியைப் பார்த்து மந்திரியின் முகத்தை எழுதினான். அது மந்திரி வாலிபத்தில் எடுத்துக்கொண்ட படம். கடைசியில் கண் திறந்தான். ராஜமாணிக்கம் சூடம் கொளுத்தினார். நாளைக்கு மந்திரி வருவார், இதென்னடா களிமண் பெட்டி என்று ஒரு உதை விடுவார், எல்லாரும் ஜெயிலுக்குப் போவோம் என்றுதான் நினைத்தான். பாவம், அவனுக்கு அரசாங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மந்திரி வந்தார். திரையை விலக்கினார். தன்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோய், அப்படியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற போலீஸ்காரருக்குக் கால் கடுத்தது. பிறகு மைக்கைப் பிடித்தார்.

"சென்னையில் நானும் டெலிவிஷன் பார்த்திருக்கிறேன். படம் ஆடுகிறது, கோடு கோடாக விழுகிறது. என்னைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு உடனே ஒரு மிருதங்கக்காரரைக் காட்டினார்கள். அவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? இங்கே நான் உள்ளே நுழைந்ததிலிருந்து என்னைத்தான் காட்டுகிறார்கள். ஆடவில்லை, அசையவில்லை. மக்கள் சாதனம் என்றால் இதுவல்லவா மக்கள் சாதனம்!"

கை தட்டல் அடங்கியதும் மந்திரிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஆமாம், நான் பேசுவது கேட்கவில்லையே?"

பாலகிருஷ்ணன் கண் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஒலி அடுத்த கட்டம், ஐயா."

அடுத்த கட்டம் என்றதும் மந்திரி சமாதானமாகிவிட்டார். அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு மகிமை. பெட்டியை மாற்றிவிடலாம் என்ற நினைப்பு அத்தோடு செத்தது. மந்திரி திறந்து வைத்தது டெலிவிஷன். அதை இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருந்தது? அந்தப் பெட்டியின் நுணுக்கத்தை அறிந்தவன் அர்ச்சுனன் ஒருவனே என்பதால் அவனை இயக்குபவராக நியமித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியின் மேல் துணியை எடுப்பது, ஏழரைக்குப் போர்த்துவது அவன் வேலை.

பார்க்க ஆள் வேண்டுமே? நல்லூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் டீ. முன்வரிசையில் தவறாமல் உட்காருகிறவள் பூவாயி, களை எடுக்கிற கூலிக்காரி. முதல் வாரம் அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னா தம்பி இவரு, கண்ணைக் கொட்டாம என்னையே மொறைக்கிறாரு? நான் யாரு குடியைக் கெடுத்தேன்?"

அப்புறம் பழகிப்போனாள். தங்கள் தெருக் கிணறு தூர்ந்து கிடப்பதையும், பிள்ளைக்கு ஸ்கூலில் உபகாரச் சம்பளம் நின்றுபோனதையும் பெட்டியிடம் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்களும் சொன்னார்கள். இது பொம்மை ஆத்தா என்று அர்ச்சுனன் ஒரு நாள் அவள் காதோடு சொன்னான்.

"அது தெரியாமயா இருக்கேன்? நேர்ல பாக்கப் போனா பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிடுறாரு. இவருதான் ஒக்காந்து கேக்குறாரு. நீ சும்மா இரு" என்றாள் பூவாயி.

அர்ச்சுனனுக்குக் கல்யாணமும் இந்தப் பெட்டியால்தான் நடந்தது. மாப்பிள்ளை டெலிவிஷனில் உத்தியோகம் என்றதும் சேத்தியாத்தோப்பில் பெண் கொடுத்துவிட்டார்கள். பெண்ணின் பேர் அம்சவல்லி. தாலி ஏறிய மறுவாரமே புருஷனின் டெலிவிஷனைப் பார்க்க ஆசையாகப் பூ வைத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வூட்டு வாசலில் நின்று சிரித்தாள் பாருங்கள், அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

"பொம்மைப் பட்டறையிலேருந்து பொம்மைப் பட்டறைக்குத்தான்யா மாறியிருக்க! இதுக்கா எங்கப்பன் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுறாரு?"

"உத்தியோகம் நெசம்தானே?" என்றான் அர்ச்சுனன்.

"அந்தப் பொட்டிக்குள்ளாற என்னிக்காச்சும் ஏதாவது ஒண்ணு அசையட்டும். ஒரு எறும்பு ஊரட்டும், போதும். அன்னிக்கு நீ டிவிக்காரன்னு நான் ஒத்துக்குறேன். அது வரைக்கும் என் எதுர்ல நீ பொம்மைக்காரன்தான்."

அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வான்? சின்ன வயதிலிருந்து அவனும் அந்த ஒன்றுக்காகத்தானே காத்திருக்கிறான்.

சென்னையிலிருந்து தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் சோதனைக்கு வந்தார். கோட்டும் சூட்டும். இவராவது கண்டுபிடிப்பார், நிஜமான பெட்டி வந்துவிடும் என்று அர்ச்சுனன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். அவர் பெட்டியைச் சுற்றி வந்து, மின்சாரச் செலவு எவ்வளவு என்று கேட்டார். இல்லை என்றார்கள். பழுது? இல்லை. அவர் புருவம் உயர்ந்தது. அர்ச்சுனன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டான்.

"சார், இது பீங்கான் சார்."

"டெலிவிஷனில் பீங்கான் பாகம் உண்டுதான். எத்தனை சதவீதம்?"

"முழுசும் சார்."

"உள்நாட்டுத் தயாரிப்பா?"

"இந்த ஊருதான் சார். தோ, அந்தச் சூளை."

ஆலோசகர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நூறு சதவீதம் சுதேசி! டில்லியில் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை, தெரியுமா?" வாரியத்தின் சிறந்த கோட்டம் என்று விருத்தாசலத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அர்ச்சுனன் நிகழ்ச்சி உதவியாளர் ஆனான். வூட்டில் அம்சவல்லி அன்றைக்கு ரசம்கூட வைக்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. பழைய மந்திரி போய்ப் புது மந்திரி வந்தார். பாலகிருஷ்ணன் ஓடி வந்து, "அர்ச்சுனா, நிகழ்ச்சியை மாத்து!" என்றார். அர்ச்சுனன் பழைய முகத்தை வழித்துத் துடைத்துவிட்டு, புது மந்திரிக்கு மீசை வைத்து, ஒரு மரு வைத்து, கண் திறந்தான். நல்லூர் ஜனங்கள் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, ஆள் மாறியதைப் பற்றி ஒன்றும் பேசாமல், தூர்ந்த கிணற்றைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். நிகழ்ச்சியை ஒரே ராத்திரியில் மாற்றிய திறமைக்காக அவனை நிகழ்ச்சி அலுவலர் ஆக்கி, மெத்தை நாற்காலி போட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புது மந்திரி பழைய பேச்சுகளைப் படிக்கிறவர் என்று யார் கண்டது? ஒலி அடுத்த கட்டம் என்று அன்றைக்குச் சொன்னீர்களே, அந்தக் கட்டம் எங்கே, வெள்ளிக்கிழமை நானே வந்து கேட்கிறேன் என்று சென்னையிலிருந்து தாக்கல் வந்தது. பாலகிருஷ்ணனுக்குப் பேதி கண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமையும் விடிந்தது. அன்றைக்குக் காலையில் பார்த்தா வேப்பூரிலிருந்து வந்த பஸ்ஸின் கூரையிலிருந்து அந்த அட்டைப் பெட்டி இறங்க வேண்டும்? ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்காரர் அனுப்பியிருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு லாரி டிரைவர் சாப்பிட்ட காசுக்கு அடமானமாக வைத்துவிட்டுப் போன பெட்டியாம், இத்தனை நாளும் அதன் மேல் இலைக்கட்டு வைத்திருந்தாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி முகத்தோடு, குமிழோடு, நிஜமான டெலிவிஷன்.

அர்ச்சுனனுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "சார், இதைப் போட்டுப் பாப்போம் சார்! சூளைப் புகைபோக்கி உச்சியில கம்பி கட்டுனா படம் வரும்னு ரேடியோ ரிப்பேர்க்காரர் தர்மராஜ் சொல்றாரு சார். படமும் வரும், சத்தமும் வரும்!"

"சத்தம் வருமா?" பாலகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் களை வந்தது. உடனே கதவைச் சாத்தச் சொன்னார்.

"நன்றாகக் கேட்டுக்கொள். சத்தம் வரட்டும். படம் கூடாது. இது டெலிவிஷன் என்றால், மந்திரி திறந்து வைத்தாரே, அது என்ன? கேடயம் வாங்கினோமே, அது எதற்கு? இத்தனை வருஷம் ஜனங்கள் அங்கே உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தார்கள்? ஒரு வாரியம் தன்னைத் தானே பொய் என்று சொல்லலாமா? அசைகிற படத்தை ஒரு தடவை பார்த்த ஜனம் அப்புறம் அசையாத மந்திரியைப் பார்க்குமா? கண்ணாடி பூராவும் மந்திரி முகத்தை எழுது. ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. முகம் நம்முடையது, சத்தம் சென்னையுடையது. இதுதான் அடுத்த கட்டம்."

ஆயுசு முழுக்கப் பார்க்க ஏங்கிய கண்ணாடியை அர்ச்சுனன் தன் கையாலேயே அடைக்க வேண்டும். நாசமாய்ப் போக, என்று முனகிக்கொண்டே எனாமல் பெயிண்டைக் குழைத்தான். நெற்றி எழுதினான். மீசை எழுதினான். மருவை மறக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடம் வந்ததும் தூரிகை நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டான்.

மத்தியானம் பாலகிருஷ்ணன் வந்து பார்த்துக் கத்தினார். "கண்ணு எங்கேயா?"

"கண்ணு கடைசியாத்தாங்க திறக்கணும். அதுதான் எங்க பட்டறை வழக்கம். அதையும் நான் திறக்குறதை விட, மந்திரி கையால சுவிச்சைப் போட்டு அவரே திறந்தா..." என்று அர்ச்சுனன் பணிவாக இழுத்தான்.

பாலகிருஷ்ணன் பூரித்துப்போனார். "மந்திரியின் கண்ணை மந்திரியே திறக்கிறார்! அடடா! இதை அழைப்பிதழில் போடாமல் விட்டுவிட்டோமே!"

சாயங்காலம் புது மந்திரி வந்தார். கூட்டம் நெரிந்தது. பூவாயி முன்வரிசை. அம்சவல்லி கடைசியில், தூணோரம், இன்றைக்கு என்ன கூத்தோ என்று முகத்தை இழுத்துக்கொண்டு நின்றாள். தர்மராஜ் புகைபோக்கியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டான். சூடம் ஏற்றினார்கள். மந்திரி சுவிச்சைப் போட்டார்.

பெட்டி உறுமியது. மந்திரியின் இரண்டு கண்ணும் குப்பென்று எரிந்தன. கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. கொஞ்ச நேரம் கரகரவென்று இழுத்துவிட்டு, உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் கால்நடை டாக்டர் ஒருவர் மாட்டு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது மந்திரியின் முகம்தானே?

"இதன் அறிகுறிகளை நீங்கள் எளிதில் கண்டுகொள்ளலாம்" என்றது மந்திரியின் முகம். "வாயிலிருந்து ஓயாமல் நுரை தள்ளும். நின்ற இடத்தை விட்டு நகராது. வேலைக்கு உதவாது. கிட்டே போனால் முட்டும்."

முன்வரிசையில் பூவாயி தலையை ஆட்டினாள். "இன்னிக்குத்தான் உள்ளதைச் சொல்றாரு" என்றாள்.

"ஒன்றை விட்டுவைத்தால் மந்தை முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே உடனே பிரித்துத் தனியாகக் கட்டுங்கள்."

மந்திரி கன்னத்தில் கை வைத்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் பேசியிருக்கேன். இது எங்கே பேசினது?"

"போன மாசம் நல்லூரில், ஐயா" என்றார் பாலகிருஷ்ணன்.

"ஆமாம் ஆமாம். எதிர்க்கட்சிக்காரனைச் சொன்னது. குரல் மட்டும் கொஞ்சம் மாறித் தெரியுது."

"மைக் கோளாறு, ஐயா. குரல் திருத்தம் அடுத்த கட்டம்."

மாலை விழுந்தது, கை தட்டல் விழுந்தது. மந்திரி தன் முகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். கார் போனதும் பாலகிருஷ்ணன் அர்ச்சுனனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. அந்தக் கண்ணுதான் ஒரு மாதிரி அலைகிறது. மந்திரிக்கு அலைகிற கண் ஆகாது. விடிந்ததும் முதல் வேலையாகக் கறுப்பு மை வைத்து அடைத்துவிடு."

"சரிங்க சார்" என்றான் அர்ச்சுனன்.

அவர் போகிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு தூணோரம் நின்றவளைக் கை காட்டிக் கூப்பிட்டான். அம்சவல்லி சலித்துக்கொண்டே வந்தாள். வலது கண்ணில் அவளைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு, இடது கண்ணில் அவன் குனிந்தான். இரண்டு பேர் மூக்கும் மந்திரியின் மூக்கில் இடித்தது.

முதலில் வெறும் புள்ளி மழை. அப்புறம் அது கொஞ்சம் தெளிந்தது. ஒரு மாடு. நிஜ மாடு, வாலை ஆட்டிக்கொண்டு, மந்திரியின் இடது கண்ணுக்குள் மெதுவாக நடந்து வந்தது. அர்ச்சுனன் மூச்சு விடவில்லை. மாடு மூக்குக்குப் பின்னால் கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. எங்கே போனது என்று அவன் தவித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அம்சவல்லி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அசையுதுங்க" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனுக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.